பிரபுவுக்கு வயது நாற்பது

1857-இல் கம்பெனி சர்க்கார் ஒரு பக்கம் சிப்பாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே, மறுபக்கம் கல்கத்தா, பம்பாய், சென்னை என மூன்று ஊர்களில் பல்கலைக்கழகம் திறந்தது. வகுப்பு, வாத்தியார் என்றெல்லாம் கற்பனை செய்துவிட வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அடித்த காப்பி அது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், பட்டம் தரும். அடுப்பே மூட்டாமல், சாப்பிட்டு வந்தவனுக்கு ஏப்பம் வருகிறதா என்று மட்டும் சோதித்த ஓட்டல்.

இதை நிர்வகிக்க செனட். அதன் உறுப்பினர் பதவி ஆயுளுக்கும் உண்டு. எனவே அரசாங்கம், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத பிரமுகர்களுக்கெல்லாம் அந்தப் பதவியைத் தாம்பூலப் பை மாதிரி கொடுத்துவந்தது.

1899-இல் வைஸ்ராயாக வந்து இறங்கினார் கர்சன் பிரபு. ஆக்ஸ்போர்டில் படித்தவர், இறுதித் தேர்வில் முதல் வகுப்பு தவறிப்போய் இரண்டாம் வகுப்பு வாங்கியவர். அடுத்தவர் பரீட்சையைத் திருத்தும் ஆவேசம் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் வரும் என்பது என் அபிப்பிராயம். செனட் வீங்கிவிட்டது, பையன்கள் நெட்டுருப் போடுகிறார்கள் என்றார் துரை. இரண்டும் நிஜம். பட்டதாரிகள் அரசியல் பேசுகிறார்கள் என்பதும் அவருக்கு உறுத்தியது. அதற்கும் சேர்த்தே மருந்து அரைத்தார்.

1901 செப்டம்பரில் சிம்லாவில் கல்வி மாநாடு. கல்வி இலாகா அதிகாரிகள் வந்தார்கள். பாதிரிமார் தரப்பில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி முதல்வர் மில்லர் வந்தார். இந்தியர் ஒருவர்கூட இல்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைத் தவிர எல்லோரையும் அழைத்தாயிற்று. மறுவருஷம் தாமஸ் ராலே தலைமையில் கமிஷன். அதில் முதலில் ஓர் இந்துவும் இல்லை. ஊர் கூச்சல் போட்டபிறகு நீதிபதி குருதாஸ் பானர்ஜியைச் சேர்த்தார்கள். அவர் போனதும் செய்த காரியம், மாறுபட்ட கருத்தை எழுதிக் கொடுத்தது.

1904-இல் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. கோகலே சட்டசபையில் தொண்டை வறளப் பேசினார். அங்கே பெரும்பான்மை சர்க்காருடையது, தொண்டை மட்டும்தான் கோகலேயுடையது. இந்த மூன்று பல்கலைக்கழகங்களிலும் செனட்டுக்கு உச்சவரம்பு நூறு பேர். அதில் இருபது பேருக்குத்தான் தேர்தல், மற்றவர்கள் பெரும்பாலும் நியமனம். கல்லூரிக்கு அங்கீகாரம் தருவதா பறிப்பதா என்பதில் கடைசி வார்த்தை அரசாங்கத்துடையது. செனட் அனுப்பும் விதிகளைத் திருத்தலாம். தாமதித்தால் அரசாங்கமே எழுதிக்கொள்ளலாம்.

ஒழுங்கு கற்பிக்க வந்தவர்கள் ஒழுங்காகச் செய்தார்களா? அமல்படுத்தியதில் பிசகு, விஷயம் கோர்ட்டுப் படியேறியது. உடனே, நாங்கள் தப்பாகச் செய்ததும் சரியே என்று 1905-இல் இன்னொரு சட்டம். விடைத்தாளைத் தானே எழுதி, தானே திருத்தி, தானே பாஸ் போட்டுக்கொள்ளும் சௌகரியம் எந்த மாணவனுக்குக் கிடைக்கும்?

அதே 1905 பிப்ரவரியில் கல்கத்தா பட்டமளிப்பு விழா. வேந்தர் அங்கி போட்டுக்கொண்டு, சத்தியம் என்பது பெருமளவுக்கு மேற்கத்தியச் சரக்கு, கீழ்த்திசையில் தந்திரத்துக்குத்தான் மதிப்பு என்கிற தோரணையில் உபதேசித்தார் கர்சன். பட்டம் வாங்க வந்த பையன்களுக்குப் பொய்யர் பட்டமும் இலவசம். இரண்டொரு நாளில் ‘அமிர்த பஜார் பத்திரிகா’ ஒரு பழைய புத்தகத்தைத் தூசி தட்டியது. எழுதியவர் சாட்சாத் கர்சன். வாலிப வயதில் கொரியா போனாராம். அங்கே இளைஞர்களுக்கு மதிப்பில்லையாம். மந்திரி வயது கேட்டதும் 33-ஐ மறைத்து நாற்பது என்றாராம். மகாராணிக்குச் சொந்தமா என்று கேட்டதற்கு, இல்லை, ஆனால் இன்னும் கல்யாணமாகவில்லை என்று மர்மமாக இழுத்தாராம். கல்கத்தா வயிறு வலிக்கச் சிரித்தது.

1904 சட்டத்தின் ஒரு மூலையில், பல்கலைக்கழகமே பேராசிரியரை நியமித்துப் பாடம் நடத்தலாம் என்று ஒரு வாசகம் கிடந்தது. 1906-இல் கல்கத்தா துணைவேந்தரான அசுதோஷ் முகர்ஜி அதைப் பிடித்துக்கொண்டார். கட்டிப்போட வந்த கயிற்றில் ஊஞ்சல் கட்டினார்: முதுகலைத் துறைகள், ஆராய்ச்சி, அறிவியல் கல்லூரி. நிதி இலாகாவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நம்மூர் சி.வி. ராமனை 1917-இல் பேராசிரியராக இழுத்துக்கொண்டதும் அவர்தான். சம்பளம் ஏறக்குறையப் பாதியானது. வெளிநாட்டில் பயிற்சி பெற்றாக வேண்டும் என்ற நிபந்தனைக்கு ராமன் மசியவில்லை, நிபந்தனைதான் மசிந்தது. 1922-இல் வங்காள அரசு இரண்டரை லட்ச ரூபாயை நிபந்தனைகளோடு நீட்டியபோது, சம்பளம் கொடுக்கவே தட்டுப்பாடான நிலையிலும், அசுதோஷ் வேண்டாம் என்றுவிட்டார்.

கர்சன் என்ன ஆனார்? ஊருக்குத் திரும்பி 1907-இல் ஆக்ஸ்போர்டுக்கு வேந்தரானார். அங்கேயும் சீர்திருத்தப் பேச்சு. அரசாங்கம் கமிஷன் போட்டு விசாரிக்க வேண்டும் என்று குரல் எழுந்தது. பிரபு பதறிவிட்டார். வெளியார் தலையீடா? பல்கலைக்கழகம் தன்னைத் தானே திருத்திக்கொள்ள வேண்டியதுதான் என்று 1909-இல் கனமான அறிக்கை எழுதினார். அப்போது அவருக்கு வயது 50. கொரியக் கணக்கில் 57.