கொஞ்சம் தள்ளுங்க: பழைய சிறு மோட்டார்ஹோம் தேர்வு பற்றி ஓர் அளவைமுறை ஆய்வு

பயன்படுத்திய சிறு மோட்டார்ஹோமை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது பற்றி பிரிட்டனில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஓடிய மைல் எவ்வளவு, எத்தனை பேர் படுக்கலாம், குளிர்ப்பெட்டி எத்தனை லிட்டர், கூரையில் சோலார் தகடு உண்டா என்றெல்லாம் அந்த எழுத்துகள் நுணுகி விசாரிக்கின்றன. எல்லாம் வண்டியைப் பற்றிய விசாரணை. உள்ளே இரண்டு பேர் இருக்கப்போகிறார்கள் என்ற செய்தி முன்னோர் கவனத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் குணத்தைக் கல்யாண மண்டபத்தின் சதுர அடியை வைத்துக் கணிப்பது போன்ற முறை இது. இக்கட்டுரை நிறுவ முயல்வது வேறு. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதிலிருந்து மறுநாள் காலைத் தேநீர் வரை, உள்ளே இருக்கும் இருவரில் ஒருவர் மற்றவரிடம் “கொஞ்சம் தள்ளுங்க” என்று எத்தனை தடவை சொல்ல நேர்கிறதோ, அந்த எண்ணிக்கையே அவ்வண்டியின் சுகக்குறைவு. இதனைத் தள்ளெண் என்க. கால் மடக்கினால் ஒன்று, எழுந்து நின்றால் ஒன்று, வண்டியைவிட்டு இறங்க நேர்ந்தால் ஒன்று, இறங்கும்போது மழை பெய்தால் இரண்டு. (பிரிட்டனைப் பொறுத்தவரை இரண்டு என்றே வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும்.) வாய்விட்டுச் சொல்லாமல் பெருமூச்சால் உணர்த்தினாலும் எண்ணிக்கையில் சேரும்.

இப்பிரச்சினை இத்துறை தோன்றிய நாளில் இல்லை. உல்லாசத்துக்காக வீட்டோடு ஊர் சுற்றிய முன்னோடிகளில் ஒருவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர். 1885-இல், பிரிஸ்டலில் கட்டுவித்த ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியில் இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை போனார். 1,300 மைல் பயணத்தை ஒரு புத்தகமாகவும் எழுதினார். எதிரே வருவோரை எச்சரிக்க ஒரு பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே சென்றார். ஆக, தள்ளச் சொல்லும் வேலைக்கே தனியாக ஆள் இருந்தது, அதுவும் வண்டிக்கு வெளியே. உள்ளே இடத்துக்குப் போட்டியிட்டிருக்கக் கூடியது அவருடைய நியூஃபவுண்ட்லாந்து நாய். தள்ளு என்றால் அவ்வினத்து நாய் தள்ளாது என்பதால் அதனைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பது தனி ஆய்வுக்குரியது. இங்கே வேண்டிய முடிவு ஒன்றுதான்: தனியாள் பயணத்தில் தள்ளெண் பூஜ்யம். இரண்டாம் ஆள் ஏறியவுடன் பிறக்கிறது.

ஆள் இரண்டாகி வண்டி சிறிதானது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். ஃபோக்ஸ்வாகனின் டைப் 2 வேன் 1950-இல் உற்பத்திக்கு வந்தது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் வைத்து எடுக்கக்கூடிய முகாம் பெட்டி ஒன்றைச் செய்தது. ஆங்கிலக் கடற்கரை ஊரான ஃபோக்ஸ்டனில் மார்ட்டின் வால்டர் நிறுவனம் பெட்ஃபோர்ட் வேன்களை ‘டோர்மொபைல்’ ஆக்கி, பக்கவாட்டில் கீல் வைத்துத் தூக்கும் கூரையும் போட்டுக் கொடுத்தது. அந்தக் கோடு போட்ட துணிக் கூரை இருவர் நிமிர்ந்து நிற்க இடம் தந்தது, நிமிர்ந்து நின்றபடி ஒருவரையொருவர் கடந்துபோக இடம் தரவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். இவ்வண்டிகளில் நிலம் ஒன்றே. பொழுதுதான் அதைக் கூடம், சமையலறை, பள்ளியறை என மாற்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தள்ளல் விலையாகிறது.

விலை எவ்வளவு என்று பார்க்க, சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம்: சிறிய வேன், ஒரு பக்கம் முழுக்க அடுப்பும் அலமாரியும், பின்னால் இருவர் அமரும் நீள இருக்கை. இரவில் அந்த இருக்கையை முன்னால் இழுத்தால் முதுகுச் சாய்வு தட்டையாகிப் படுக்கையாகும். ‘ராக் அண்ட் ரோல்’ படுக்கை என்று பெயர். இரவு ஒன்பது மணி. மேசை நடுவில் நிற்கிறது. அதன் காலைத் தரையிலுள்ள குழியிலிருந்து திருகி எடுக்க, இருக்கையில் இருப்பவர் முழங்காலை விலக்க வேண்டும் (ஒன்று). மேசைப் பலகையைச் சொருகும் இடம் இருக்கைக்குப் பின்னால் (இரண்டு). பகலெல்லாம் அங்கே கிடந்த பைகள் ஓட்டுநர் இருக்கைக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே ஈரக் கோட்டுகள் (மூன்று). இருக்கையை இழுக்க அதன் முன்னால் தரை காலியாக இருக்க வேண்டும், அந்தத் தரையில்தான் இருவரும் நிற்கிறார்கள். ஒருவர் இறங்குகிறார், மழை (ஐந்து). இறங்கியவர் ஏறிப் பார்த்தால் படுக்கை தயார். தலையணைகள் மட்டும் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் இருக்கின்றன. படுக்கை விரிந்த பிறகு அந்தப் பெட்டியின் மூடி திறக்காது. மடக்கி, எடுத்து, மறுபடி விரிக்க மேலும் மூன்று (எட்டு). இனி இரவு இரண்டு மணிக்கு ஒருவர் விழிக்கிறார். தூக்கிச் செல்லக்கூடிய கழிப்பறை படுக்கையின் கால்மாட்டில், கதவு வெளிப்பக்கம் திறக்கும் சிற்றறையில் இருக்கிறது. கதவின் பாதையில் மற்றவரின் கால்கள். இதற்கு ஒன்று என்று போடுவது நீதியாகாது. தூக்கத்திலிருப்பவரைத் தள்ளச் சொல்வது பகல் தள்ளலுக்கு மூன்று மடங்கு என்பதில் இல்லறம் அறிந்தோர் கருத்து வேறுபட மாட்டார்கள். பதினொன்று. தேநீருக்கு இன்னும் நேரமிருக்கிறது.

அடுத்த மாதிரி ஃபியட் டுகாட்டோ. ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பங்கு இதன்மேல் கட்டப்படுவதற்கு ஒரு வடிவியல் காரணம் உண்டு. வெளி அகலம் 2.05 மீட்டர், பக்கங்கள் ஏறக்குறைய செங்குத்தாக எழுவதால் சராசரி உயர ஆள் வண்டியின் குறுக்கே படுத்துவிடலாம். 5.99 மீட்டர் நீள வேனில் பின்பக்கம் குறுக்குவாட்டில் நிரந்தரப் படுக்கை போட்டு, முன்பாதி முழுவதையும் கூடமாக விட முடிகிறது. மேசையைக் கழற்ற வேண்டாம், தலையணை தலையணை இருக்கும் இடத்திலேயே இருக்கும். தள்ளெண் சரசரவென்று இறங்குகிறது. ஆனால் குறுக்குப் படுக்கையில் ஒருவர் பின்கதவு ஓரம், ஒருவர் நடைபாதை ஓரம். கதவோரத்தவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். மூட்டுவலியும் முதுமையும் சேர்ந்த தம்பதியருக்கு இது தள்ளல் என்ற வகையைக் கடந்து மலையேற்றம் என்ற வகைக்குள் போய்விடுகிறது.

எஞ்சி நிற்பது, விற்பனைப் படங்களில் சோபையில்லாமல் தெரியும் ஓர் ஏற்பாடு: வண்டியின் நீளவாட்டில் எதிரெதிரே இரண்டு நீள இருக்கைகள், நடுவில் நடைபாதை. பகலில் இரண்டு திண்ணை, இரவில் அவையே இரண்டு ஒற்றைக் கட்டில்கள். எழுபவர் கால்களைத் தரையில் ஊன்றி நேரே போகலாம். யாரையும் தாண்ட வேண்டாம், எதையும் மடக்க வேண்டாம். நடைபாதை முன்பக்க அடுப்புவரை தடையின்றிப் போனால், ஒருவர் காலைத் தூக்கம் தூங்கும்போதே மற்றவர் தேநீர் போட்டுவிடலாம். தள்ளெண் ஒன்றோ இரண்டோதான். எச்சரிக்கை ஒன்று உண்டு. இதே ஏற்பாட்டில், நடுப்பள்ளத்தில் பலகைகளை இழுத்து மெத்தைத் துண்டுகளை அடுக்கி இரட்டைக் கட்டிலாக்கும் வசதியும் பெரும்பாலும் இருக்கும். விற்பவர் அதைத்தான் பெருமையோடு செய்து காட்டுவார். பார்த்து ரசித்துவிட்டு மறந்துவிட வேண்டும்.

இனித் தடை விடைகள். “ஈரம், துரு, எஞ்சின் ஆகியவற்றை விட்டுவிட்டு முழங்காலைப் பற்றிப் பேசுகிறீர்களே” என்று மெக்கானிக் மரபினர் கேட்பர். கேள்வி நியாயமானது. மரச்சட்டம், நுரைப்பலகை, அலுமினியத் தகடு என்று அடுக்கிக் கட்டும் ‘கோச்பில்ட்’ வகை வண்டிகளில், மூட்டுகளை அடைக்கும் மாஸ்டிக் வருடக்கணக்கில் காய்ந்து வெடிக்கிறது. மழைநீர் கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் இறங்கி மரத்தைத் தின்கிறது. ஈரமானி 15 சதவீதத்துக்குள் காட்டினால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் வேறு வண்டி பார்ப்பது உத்தமம். கருவி இல்லாவிட்டால் ஜன்னலின் கீழ்மூலைகளிலும் அலமாரியின் உள்மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். ஊறிய பிஸ்கட் மாதிரி அமுங்கக் கூடாது. முழு உலோகக் கூடுள்ள பேனல் வேனில் இந்தக் கவலை குறைவு, துருக் கவலை அதிகம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். மோட்டார்ஹோம் பெரும்பாலும் நின்றே கிழமடைவதால், ரப்பர் தேயாமலே வெடித்திருக்கும். டைமிங் பெல்ட்டும் அப்படியே, மைலுக்கு மட்டுமின்றி வயதுக்கும் மாற்ற வேண்டியது. எரிவாயு நீலச் சிலிண்டரா சிவப்பா என்றும் பார்க்க வேண்டும்: நீலத்திலுள்ள பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாக மறுக்கும், சிவப்பிலுள்ள புரொப்பேன் அதற்கும் வெகு கீழே வரை எரியும். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனை பிரேக்கைப் பார்க்கும், திண்ணையைப் பார்க்காது. தவிர, இக்குறைகளும் கடைசியில் தள்ளெண்ணில்தான் வந்து சேர்கின்றன. ஒரு மூலை ஊறினால் அந்த அலமாரி பயன்படாது, அதிலிருந்த துணிகள் தரைக்கு வரும், நடைபாதை அடைபடும். பியூட்டேன் ஆவியாக மறுத்தால் யாரோ ஒருவர் விடியற்காலையில் மற்றவரைத் தாண்டி வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

“அப்படியானால் பெரிய வண்டியே வாங்கிவிடலாமே” என்பது அடுத்த தடை. இது மேம்போக்கான பார்வை. பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் ஓட்டத் தேறியவர்கள் பொதுவாக 7,500 கிலோ வரை ஓட்டலாம். பின்னர் தேறியவர்களுக்கு வழக்கமான எல்லை 3,500 கிலோ. முந்தையவர்களும் 70 வயதில் மருத்துவச் சான்று காட்டினால்தான் அச்சலுகை நிலைக்கும். ஆகவே பெரிய வண்டிகள் பலவற்றையும் 3,500 கிலோவுக்குள் அடக்கிப் பதிவு செய்கிறார்கள். உடம்பு பெருத்த அளவுக்குச் சுமக்கும் திறன் சுருங்குகிறது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதோடு இரண்டாவது பேட்டரி, வெளிப்பந்தல், சைக்கிள் என்று ஏற்றினால் வாங்கிய இடத்தில் வைக்கப் பொருளே எடுத்துப் போக முடியாத நிலை வருகிறது. இதைவிட முக்கியமானது வேறொன்று. டெவன், கார்ன்வால் கிராமச் சாலைகளில் இருபுறமும் ஆளுயரப் புதர்வேலி, நடுவில் ஒரு வண்டிக்கான இடம், அங்கங்கே ஒதுங்க ஒரு குழிவு. ஏழரை மீட்டர் வண்டி அங்கே நுழைந்தால் எதிரே வரும் டிராக்டர், ரொட்டி வேன், அஞ்சல் வேன் அத்தனையும் பின்னோக்கிப் போக வேண்டும், அல்லது இவர்கள் போக வேண்டும். பெரிய வண்டியில் தள்ளெண் ஒழியவில்லை. வீட்டுக்குள் இருந்தது வீதிக்கு வந்துவிட்டது. இதனைப் புறத்தள்ளெண் எனலாம். அகத்தில் மனைவியைத் தள்ளச் சொன்னால் அவர் முறைப்பதோடு சரி. டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாண்ட்விச்சைப் பிரிக்கிறார். ஆறு மீட்டருக்குள் நிற்பது அகமும் புறமும் சமன்படும் இடம். உயரமும் இரண்டு மீட்டருக்குள் அடங்கினால், கடற்கரை வாகன நிறுத்தங்களின் உயரத் தடுப்புகள் பலவற்றிலும் நுழையலாம். ஆனால் அதற்குத் தூக்கும் கூரை வேண்டும், தூக்கும் கூரை வந்தால் ராக் அண்ட் ரோலும் கூடவே வந்துவிடும். எல்லாம் ஒருசேரக் கிடைக்காது.

நெருக்கமே இவ்வண்டிகளின் சுகம், இடித்துக்கொள்வதே இன்பம் என்பார் ஒரு சாரார். புதுமணத் தம்பதியர்க்கு முதல் வார இறுதி வரை இது பொருந்தும் என்று ஒப்புக்கொண்டு மேலே செல்கிறோம்.

பழைய வண்டியையே ஏன் வலியுறுத்துகிறோம் என்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. புதிய வண்டி தன் தள்ளெண்ணை மறைக்கும். பழையது மறைக்க முடியாது. மேசைக்கால் குழியைச் சுற்றித் தரைவிரிப்பு பிறைவடிவில் தேய்ந்திருந்தால், இரவுதோறும் யாரோ குனிந்து திருகியிருக்கிறார்கள். தேய்வே இல்லாமல் குழியில் தூசி நிரம்பியிருந்தால், மேசையைக் கழற்றும் பாட்டுக்கு அஞ்சி அப்படியே விட்டுவிட்டார்கள், அல்லது வண்டியையே விட்டுவிட்டார்கள். கழிப்பறைக் கதவின் விளிம்பில், படுக்கை உயரத்தில், வண்ணம் உரிந்த கோடு ஒன்று தெரிந்தால் அது மற்றவரின் குதிகால். இரண்டு மெத்தைகளில் ஒன்று மட்டும் பள்ளம் விழுந்திருந்தால் இரண்டாமவர் வர மறுத்துவிட்டார் என்று கொள்க. சந்தையில் போற்றப்படும் ‘குறைந்த மைல், மனமில்லாமல் விற்கிறோம்’ என்ற விளம்பரத்தையும் இந்த வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும். பத்து வயது வண்டி பத்தாயிரம் மைலே ஓடியிருந்தால் எஞ்சின் இளமையாக இருக்கிறது என்று மற்றவர்கள் மகிழ்வார்கள். அவ்வளவு குறைவாக ஓடக் காரணம் எஞ்சினில் இல்லை என்பது நம் துணிபு. நன்கு ஓடி, மெத்தைகள் இரண்டும் ஒரே அளவில் அமுங்கி, அடுப்பைச் சுற்றி மஞ்சள் கறை படிந்த வண்டிக்கு முன்னுரிமை தருக.

செய்முறைச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். வாங்கப்போகும் இருவரும் வரவேண்டும். ஒருவர் தனியாக வந்து பார்த்த பார்வை செல்லாது. காலணிகளைக் கழற்றிவிட்டு இருவரும் இருட்டில் போலப் படுக்க வேண்டும். பின் ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போய் வந்து, கெட்டிலில் தண்ணீர் பிடித்து, அடுப்பில் வைத்து, தேநீர்ப் பைகள் இருக்கும் அலமாரியைத் திறக்க வேண்டும். மற்றவர் கண்ணை மூடியபடி எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றுக்குள் வந்தால் விலை பேசலாம். ஐந்தைத் தாண்டினால் நன்றி சொல்லி இறங்கிவிடலாம். சோதனை நடக்கும்போது விற்பவர் சோலார் தகட்டின் பெருமையைச் சொல்லியபடி நடைபாதையில் வந்து நிற்பது வழக்கம். தொடங்குமுன் அவரைக் கீழே இறக்கிவிட வேண்டும், இல்லையேல் அவரும் கணக்கில் சேர்ந்துவிடுவார்.