டி.பி.ராஜலட்சுமியின் பெயரை மாற்றித் தருக

பெறுநர்: பல்கலைக்கழக மானியக் குழு, புது தில்லி.

மாண்பமை ஐயா / அம்மையீர்,

என் மாணவி ஒருவர், தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கினார். 1931 அக்டோபர் 31இல் வெளியானது, இயக்கம் எச்.எம்.ரெட்டி, நாயகி டி.பி.ராஜலட்சுமி என்று ஒரு வரி. ஒப்புமை காணும் மென்பொருள் அந்த வரியைச் சிவப்பாக்கிவிட்டது. முன்பே யாரோ எழுதிவிட்டார்களாம். நடந்த சங்கதி என்றால் நாலு பேர் எழுதியிருக்கத்தானே செய்வார்கள்? தங்கள் 2018 விதிப்படி 10 விழுக்காடு ஒப்புமை வரை மன்னிப்பு உண்டு. தாண்டினால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். தேதியைத் திருத்தட்டுமா, நாயகியையா? படத்தையே பார்த்துப் புதிதாக எழுதச் சொல்லலாம். ஆனால் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

வம்பு எதற்கென்று தலைப்பை மாற்றிவிட்டேன்: ‘கல்லூரி மாணவர்களிடையே ரீல்ஸின் தாக்கம்’. நூறு வினாத்தாள். நூறு பேரும் எங்கள் துறைப் பிள்ளைகளே. ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ கட்டத்தில் ஒரு டிக், மேலே கொஞ்சம் கை-ஸ்கொயர் புள்ளியியல் சோதனை தூவினால் தாக்கம் இருப்பது நிரூபணம். வினாத்தாளை நிரப்பும்போதே பாதிப் பேர் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சேர்க்கத்தான் ஆய்வேட்டில் இடமில்லை.

இன்னொரு சந்தேகம். தமிழ் சினிமா வரலாற்றுக்கு நாங்கள் இன்றும் புரட்டுவது தியடோர் பாஸ்கரன் 1981இல் எழுதிய ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ நூலை. அவர் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்தவர். தகவலுக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். அவர் புகைப்படக்காரராக இருந்து பி.ஆர்.ஓ. ஆனவர். முழுநேர ஆசிரியரல்லாத இருவரையும் நெறியாளராகப் போடத் தங்கள் விதியில் வழியில்லை. போகட்டும். ஆசிரியர் பணிக்கான தங்கள் அட்டவணையில் எங்கள் துறைக் கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளி. இந்தியப் பதிப்பகம் போட்ட முழு நூலுக்கும் அதே 10. ஆறு பக்கமும் ஒரு புத்தகமும் தராசில் சமமாக நிற்பதைப் பார்க்க எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரரை அழைத்துவர விரும்புகிறேன்.

2019இல் ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் ‘கேர்’ பட்டியல் தந்தீர்கள். அதிலுள்ள இதழ்களின் வாசலில் தவமிருந்தோம். 2025இல் பட்டியலே கிடையாது என்றீர்கள். தவத்துக்குப் புள்ளி உண்டா?

இப்படிக்கு,
ஓர் ஆய்வு நெறியாளர்

இணைப்பு: ஒப்புமைச் சான்று. இக்கடிதத்துக்கு 11 விழுக்காடு வந்திருக்கிறது. ‘பெறுநர்’, ‘மாண்பமை’, ‘இப்படிக்கு’ ஆகியவை பிறரிடமிருந்து எடுத்தாளப்பட்டவையாம். திருத்தி அனுப்ப ஆறு மாத அவகாசம் வேண்டுகிறேன்.