முதல் உள்ளான்

வாசிகசாலையில் பேப்பரை முதலில் விரிக்கிறவர், கலியாண வீட்டில் முதல் பந்தியை விடாதவர் என்று ஊருக்கு ஊர் ஒரு ரகம் உண்டு. அந்த ரகத்தின் மன்னார்க் கிளைதான் எங்கள் மாஸ்டர். அவருக்குப் பேப்பரும் வேண்டாம், பந்தியும் வேண்டாம். வலசைச் சீசனின் முதல் உள்ளான் பறவையை அவர் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆவணித் திருவிழாவுக்கு ஊரில் பாதிச் சனம் மடு மாதா கோயிலில் நிற்கும். மாஸ்டரோ விடியப்புறமே மன்னார்ப் பாலத்தடியில், முக்காலியில் தொலைநோக்கியைப் பூட்டிக்கொண்டு நிற்பார். "நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்" என்று பெண்சாதி பிள்ளைகளை பஸ் ஏற்றி விட்டவர். அந்தப் பின்னால் இன்னும் வந்தபாடில்லை.

மார்கழியில் கொழும்பிலிருந்து பீரங்கி மாதிரிக் கமராக்களோடு வருகிறவர்களை அவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அவர்கள் போகிற வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே பூநாரை கூட்டமாக நிற்கும்போது குருடனும் பார்ப்பான் என்பது அவர் கட்சி.

சோளகம் அடிக்கிற அடியில் தொலைநோக்கி நடுங்கி, ஒரு பறவை மூன்றாகத் தெரியும். கொப்பியிலும் மூன்று என்றே ஏறிவிடும். ஒருமுறை கழுதையொன்று வந்து முக்காலியில் முதுகு தேய்த்தது. அதட்டினால் பறவை பறந்துவிடுமே! கழுதையின் காதோடு காதாகக் கெஞ்சிய மனிதரை அன்றுதான் கண்டேன்.

அவர் தேடுவது வளைமூக்கு உள்ளான். அறுபது கிராம் சொச்சம்; முட்டையிடுவது சைபீரியாவின் வட கோடியில். நெஞ்சில் செங்கல் நிறம் மிச்சமிருந்தால் இப்போதுதான் வந்திறங்கிய பறவை. பாஸ்போட்டில் குத்திய முத்திரை மாதிரி. வெளிறிக் கிடந்தால், அநேகமாக வடக்கே போகாமல் கோடையை இங்கேயே கழித்த இளசு. இன்னொரு சங்கதியும் அவருக்குத் தெரியும், வீட்டில் மூச்சு விட்டதில்லை. வளைமூக்கு உள்ளானில் முதலில் புறப்படுவது ஆண். முட்டையையும் குஞ்சையும் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு ஆனி கடைசியிலேயே கிளம்பிவிடும். தாய் அதற்குப் பிறகு. குஞ்சுகள் வழிகாட்ட ஆளில்லாமல், எல்லாருக்கும் கடைசியில் தாங்களாகவே வந்து சேரும்.

போன வருடம் காலை ஏழரைக்கு ஒன்று தட்டுப்பட்டது. நெஞ்சைப் பார்க்க முன்னமே வாட்சப்பில் போட்டுவிட்டார்: "வந்துவிட்டது!"

வீச்சு வலையோடு வந்த பொடியன் கேட்டான். "என்ன மாஸ்டர் பார்க்கிறீங்கள்?"

"உள்ளான் தம்பி. சைபீரியாவில இருந்து இப்பதான் இறங்கினது."

"உதோ? உது சித்திரையில இருந்து உதிலதான் நிக்குது. ஒரு கால் நொண்டி."

மாஸ்டர் மறுபடி குனிந்தார். பறவை திரும்பியது, நெஞ்சு வெள்ளைவெளேர். இரண்டு அடி வைத்தது, நொண்டியது. சட்டைப் பையில் கைபேசி வாழ்த்து வாழ்த்தாகத் துடித்துக்கொண்டிருந்தது.

பொடியனிடம் ஒரு கிலோ திரளி வாங்கினார், விலை கேட்காமல். காசைக் கையில் வைத்து அழுத்தியபடி மெல்லச் சொன்னார்:

"தம்பி, உது நொண்டி எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."