கைடு சார் களத்துக்கு வருகிறார்

பிஎச்.டி. மாணவர்களின் வயலைப் பார்வையிடக் கைடு சார் வரும் நாள் எப்படியோ ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்துவிடுகிறது. வயல் பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் உப்பு ஊறிய ஓரத்தில் இருக்கிறது. எந்த நெல் ரகம் உவரைத் தாங்கும் என்பது ஆராய்ச்சி. தமிழ்நாட்டில் உவர் நிலத்துக்கா பஞ்சம், ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது. மற்ற உவர் நிலங்களுக்குப் பக்கத்தில் இந்த ஏரியின் இறால் கிடைக்காது.

கார் சாருடையது. ஓட்டுவது மூன்றாம் ஆண்டு ஸ்காலர். முதலாண்டு ஸ்காலரின் மடியில் ஐஸ் பெட்டி. ஒரு பேராசிரியரிடம் ஒரே சமயத்தில் 8 பேருக்கு மேல் சேரக்கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் வரம்பு. சாரிடம் எட்டும் நிரம்பிவிட்டது; காரில் இடமில்லாதவர்கள் பஸ்ஸில் வருவார்கள்.

வழியெல்லாம் பெருமைப் பேச்சு. 1969-இல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐஆர் 20 நெல்லுக்குப் பெற்றோரில் ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து டிகேஎம் 6 என்பார். உண்மைதான். ஆனால், அதைத் தாமே உருவாக்கியதுபோல் சொல்வதுதான் சார்.

ஸ்காலர்கள் முழங்கால் சேற்றில் இலை பறிப்பார்கள். சார் வரப்பில் குடைக்குள் நின்று, "தம்பி, உடனே ஐஸ்ல வை. இல்லன்னா புரோலின் ஏறிடும்" என்பார். இதுவும் உண்மை. உப்பில் தவிக்கும் பயிர் இலையில் புரோலினைச் சேர்த்துக்கொள்ளும்; பறித்த இலை வாடினாலும் அது ஏறும்.

மத்தியானம் ஏரிக்கரை. மடவை, வெள்ளை இறால், கால் கட்டிய நண்டு. ஸ்காலரின் ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயத்தை ஏழு மாதமாகத் திருப்பிப் பார்க்காத கண், ஒவ்வொரு இறாலாகத் தூக்கி, தலை ஆடுகிறதா, கறுத்திருக்கிறதா என்று சோதிக்கும்.

"இன்னும் கொறைக்கலாமேம்மா."

"கொறைச்சா எனக்கு இன்னா நிக்கும் சார்? நேத்து வாங்கினதைக் கேக்குறியா, இது இப்ப வந்ததாச்சே!"

பேரம் முடிந்ததும் ஐஸ் பெட்டி திறக்கும். இறால் உள்ளே போகும், இலைகள் வெளியே வரும். கண்ணாடி ஓரத்தில் வெயில் காய்ந்துகொண்டே அவை ஊர் போய்ச் சேரும். ஆய்வகத்தில் புரோலின் அளவு எகிறும். "பார்த்தியா, நம்ம ரகம் என்னமா ரெஸ்பாண்ட் பண்ணுது!" என்று சார் நெகிழ்வார். எட்டுப் பேரில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கையெழுத்து அவருடையதாயிற்றே.

அடுத்தது ஆய்வுக் கட்டுரை. இந்த ஏரியின் மீனவர்களிடம் பாடு என்றொரு ஏற்பாடு உண்டு. நல்ல மீன்பிடி இடத்தில் ஒருவரே வலை போட்டுக்கொண்டிருக்க முடியாது. பாடு உரிமையுள்ள எல்லோருக்கும் முறைவைத்துக் கிடைக்கும். கட்டுரையில் முதல் பெயர் போடும் இடத்துக்கு அப்படி ஒரு பாடு இன்னும் வரவில்லை. சாரின் வலை அங்கேயே கிடக்கிறது.

ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். வைவா அன்று வெளித்தேர்வாளர் ஸ்காலரை மடக்கினால், சார் எழுந்து நின்று சண்டையே போடுவார். வேறெந்த நாளிலும் காணாத ஆவேசம் அது. தேர்வாளருக்கு மதியச் சாப்பாட்டில் இறால் தொக்கு உண்டு என்பதும் உண்மை.

பழவேற்காட்டுப் பக்கம் போனால், சேற்றில் நிற்பவரிடம் பயிரைப் பற்றிக் கேளுங்கள். இறால் விலையை வரப்பில் நிற்பவரிடம் கேளுங்கள். இரண்டு பேருமே சரியாகச் சொல்வார்கள்.