பூசணிப்பூவுக்குக் கீழே

மார்கழி முதல் வாரம். திருச்சியில் ஒரு வீட்டு வாசலில், 15 புள்ளி ஊடுபுள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி அதிகமாக இருந்தது. அதுவும் கறுப்பு. "ஏங்க, உங்க கார் கோலம் போட ஆரம்பிச்சிருக்கு" என்று அம்மணி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். இன்ஜின் சூடேறட்டும் என்று கேட் அருகே காரை ஐந்து நிமிடம் நிறுத்திவைத்த நம்மவர், காபி டம்ளரோடு ஓடிவந்தார்.

கார் 2003 மாடல். 15 வருடப் பதிவு முடிந்து, ஐந்து வருட நீட்டிப்பு ஒன்றும் தீர்ந்து, இரண்டாவது நீட்டிப்பில் ஓடுகிறது. நம்மவருக்கு அதைவிட வயது அதிகம். ஆனால் அவரிடமிருந்து ரகசியங்களைத் தவிர வேறெதுவும் கசிந்ததில்லை.

ஒழுகுவது என்ன என்று கண்டுபிடிக்கக் குடும்பமே குனிந்தது. நிறமும் வாசனையும் இல்லையென்றால் ஏசி தண்ணீர், பச்சையாக இருந்தால் பெரும்பாலும் கூலண்ட். கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். நம்மவரின் அம்மா முகர்ந்து பார்த்து, "வடை சுட்ட எண்ணெய் மாதிரி கறுப்பா இருக்குடா" என்றார். இன்ஜின் ஆயில்தான்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி செருகி எடுத்தால் அளவு கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மகன், "சிவப்பு விளக்கு எரியலையேப்பா" என்றான். அந்த விளக்கு அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரியும்வரை காத்திருப்பது, பானை காலியான பிறகு அரிசிக் கடைக்குப் போவது மாதிரி. அங்கே காய்வது வயிறு, இங்கே கருகுவது இன்ஜின்.

கடையில் வாங்கிய டப்பாவில் 20டபிள்யூ-40 என்று இருந்தது. அந்த டபிள்யூ 'வின்டர்' என்பதற்காம். திருச்சியில்! குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு முன் எண், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்குப் பின் எண். நம் ஊருக்குப் பின் எண் மட்டும் போதும் என்று நம்மவர் அபிப்பிராயப்பட்டார். இருக்கட்டுமே என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றப் போனவரை மகன் தடுத்தான். அளவு மீறினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

முதல் மெக்கானிக் அடியில் படுத்து எழுந்து, "கிராங்க் சீல் போயிருச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்றார். தொகையைக் கேட்டதும் இறங்கியது நம்மவரின் முகம்.

இரண்டாமவர் வயதானவர், அவசரமில்லாதவர். பனியன் வேஸ்ட்டால் இன்ஜினை முழுக்கத் துடைத்தார். காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தார். ஒழுகும் மாடிக்கும் இதே கதைதான்: சொட்டுவது ஓரிடம், ஓட்டை வேறிடம். ஆயில் கிளம்பியது மேலே, டாப்பெட் கவர் பேக்கிங்கில். இருபது வருட வெப்பத்தில் ரப்பர் அப்பளமாகியிருந்தது. புதிது போட்டால் முடிந்தது என்று நம்மவர் பர்ஸை எடுத்தார்.

"இருங்க சார்" என்று பெரியவர் ஒரு ரப்பர் குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கறுப்பு அல்வா. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எந்த இன்ஜினிலும் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அது வெளியேறும் பிரீதர் குழாய் இது. இது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால் சீக்கிரமே அடுத்த புள்ளி விழுந்திருக்கும்.

வீட்டில் இதை நம்மவர் படம் வரைந்து விளக்க ஆரம்பித்தார். அம்மணி, "குக்கர் வெயிட் துளையில பருப்பு அடைச்சா கேஸ்கெட் வழியா பொங்குமே, அதுதானே?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். படம் பாதியில் நின்றது.

பேக்கிங்கை மாற்றி, குழாயையும் சுத்தம் செய்த பிறகு, காருக்கு அடியில் விரித்த அட்டை மூன்று நாளாகச் சுத்தமாக இருக்கிறது. சிமென்ட் தரையில் விழுந்த கறை மட்டும் மரத்தூளுக்கும் சோப்புத்தூளுக்கும் மசியவில்லை. இப்போதெல்லாம் அம்மணி கறையை நடுவில் வைத்தே புள்ளி எண்ணுகிறார். சாணி உருண்டையும் பூசணிப்பூவும் சரியாக அதன் மேல்தான் உட்காருகின்றன.