பொன் வளையத்து அடியார்

மதுரை நிழற்படக்காரர்களுள் கருவிப் பித்தர் எனத் தனியே பிரிக்கத்தக்க வகையினரை அவர்தம் படங்களைக் கொண்டு அடையாளம் காண இயலாது; அப்படங்களை எவரும் பார்த்ததில்லை. உயர்ரக லென்ஸின் முகப்பில் கேனான் நிறுவனம் சிவப்பு வளையமும் நிக்கான் நிறுவனம் பொன்னிற வளையமும் நெடுங்காலமாக இட்டு வந்தமையால், இவர்களுக்கு அவ்வளையமே நாமமாயிற்று. கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவதென்று வடகலையாரும் தென்கலையாரும் வழக்காடிய கதைக்கு இவர்களுடைய வழக்கு சற்றும் இளைத்ததன்று. லென்ஸைப் பொருத்தக் கேனானில் கடிகாரச் சுற்றாகவும் நிக்கானில் எதிர்ச்சுற்றாகவும் திருக வேண்டும் என்பதைக்கூடப் பொன் வளையத்தார் தத்துவ வேறுபாடாக நிறுவ வல்லவர்.

புது லென்ஸ் வாங்கினால் இவர் படம் எடுப்பதில்லை, சோதிப்பார். மொட்டைமாடிச் சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, முக்காலியில் கேமராவை நிறுத்தி, துளையளவை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாயின் அகலத்தை, படிப்படியாகச் சுருக்கி அதே தாளைத் திரும்பத் திரும்ப எடுத்து, கணினியில் நான்கு மடங்கு பெரிதாக்கி, இடது மூலையிலுள்ள காலமானார் விளம்பரம் வலது மூலையிலுள்ள தங்கத்தின் விலையைவிட மங்கியிருக்கிறதா என்று ஆராய்வார். மங்கியிருந்தால் லென்ஸ் கடைக்குத் திரும்பும். கூர்மையாக இருந்தாலோ, அதனினும் கூரிய லென்ஸ் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்து தூக்கம் போய்விடும். அந்நேரம் கீழே தெருவில் முளைப்பாரி ஊர்வலம் போனால், கொட்டுச் சத்தத்தில் முக்காலி அதிர்ந்துவிட்டதென்று சலித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார்.

சித்திரைத் திருவிழாவில், அழகர் தங்கக் குதிரையில் வைகைக்குள் இறங்கும் அதிகாலையில் இவரும் ஆற்றில்தான் நிற்பார். ஆயினும் கருப்பசாமி வேடமிட்ட பக்தர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதால், ஒரு சொட்டு உள்ளே போனாலும் லென்ஸில் பூஞ்சை பிடிக்குமென அஞ்சி, கேமராவைப் பாலித்தீன் உறைக்குள்ளும் உறையைப் பைக்குள்ளும் வைத்துப் பையை வயிற்றோடு அணைத்திருப்பார். சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்திருக்க, அழகரைக் கண்ணாலேயே கண்டு கும்பிடுபவர் பெரும்பாலும் இவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால், கேமராவுடன் பெட்டியிலேயே வரும் 18–55 மி.மீ. லென்ஸோடு கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வரும் கல்லூரி மாணவரிடம், “தம்பி, இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது” என்று இவர் சொல்வது நகைப்புக்குரியதன்று. அம்மாணவர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார், அல்லது கேமராவை மூட்டை கட்டுகிறார். எந்தப் பாறையில் எந்நேரம் வெயில் சாயும் என்று சொல்லிக்கொடுக்கக் காசு செலவாகாது. இவருக்கோ அது தெரியாது.

சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858இல் கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி மதுரைக்கு வந்து, மெழுகூட்டிய காகிதத்தையே நெகடிவாக, அதாவது ஒளியும் இருளும் இடம் மாறிப் பதியும் மூலப்படியாகக் கொண்டு, தெப்பக்குளத்தையும், ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் பழுதுபார்க்கப்படுவதற்கு முந்தைய திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். கருவியைவிடக் கண்ணே பெரிதென்பதற்குச் சான்றாக இவ்வரலாற்றைக் கருவிப் பித்தரிடம் எடுத்துரைப்பது வீண்வேலை. அவர் காதில் மாட்டு வண்டி மட்டுமே விழும்.

“ஒரு வண்டி பத்தலையாக்கும்? அப்ப அவரும் நம்மாளுதேன்.”