பத்து ஏழைகளைக் கூட்டினால் ஒரு பணக்காரர்

திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீடு. கற்பனை வீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊத்துக்குளி ரோட்டில் பஸ் இறங்கி எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் அந்தக் கற்பனை சிமென்ட் ஷீட் கூரையோடு வரிசையாக நிற்கும். பத்து அறைகள். ஒவ்வொன்றும் 190 சதுர அடி, அடுப்படி உள்பட. பத்துக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துணி துவைக்கும் கல். ஓவர்லாக் தைப்பவர், செக்கிங் போகிற அக்கா தங்கை, அயர்ன் மாஸ்டர், தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், ஒடிசாவிலிருந்து வந்து ஒரே அறையில் ஷிப்ட் மாற்றித் தூங்கும் நான்கு பையன்கள். எல்லாருக்கும் சனிக்கிழமை சம்பளம், எல்லாருக்கும் ஐந்தாம் தேதிக்குள் வாடகை.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியை உயர்த்தியது. உயர்த்தும்போது ஏழைகளை மறக்கவில்லை என்று மார்தட்டிக்கொண்டது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம்தான் உயர்வு. 1200 சதுர அடி வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். சின்ன வீடு சின்ன வரி, பெரிய வீடு பெரிய வரி. சமூகநீதியை அடிஸ்கேல் வைத்து அளந்து கொடுத்த மாதிரி இருந்தது.

இப்போது நம் லைன் வீட்டை அளப்போம். அறைக்கு 190 சதுர அடி. 600க்குள் மூன்று முறை அடங்கும். ஆனால் அறைக்கு யார் வரி போடுகிறார்கள்? கட்டடம் ஒன்று, வரி விதிப்பு எண் ஒன்று, ஓனர் ஒருவர் என்றால் பத்து அறையும் கூடி 1900 சதுர அடி ஆகிவிடும். நூறு சதவீத உயர்வு. கால் நீட்டினால் கேஸ் சிலிண்டரில் இடிக்கிற அறையில் படுத்திருப்பவர், அரசாங்கத்தின் கண்ணில் மாளிகைவாசி.

கூட்டலில் வந்தது இந்தக் குற்றம். பத்து ஏழைகளைக் கூட்டினால் ஒரு பணக்காரர் வருவார் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படி வந்த பணக்காரரின் பில்லை அந்தப் பத்து ஏழைகளே பங்கு போட்டுக் கட்டவேண்டும் என்பது கண்டுபிடிப்பின் இரண்டாம் பாகம்.

"ஏனுங் தம்பி, கார்ப்பரேஷன்ல வரிய ரெண்டு மடங்காக்கிப் போட்டானுங்க. நானென்னங் பண்றது? அடுத்த மாசத்துல இருந்து ஐநூறு சேத்திக் குடுத்துருங்க."

ஒரு சனிக்கிழமை மாலை, சம்பளக் கவர் கையில் இருக்கிற நேரம் பார்த்து, வாசலில் நின்று இதைச் சொன்னால் வேலை முடிந்தது. பனியன் கம்பெனியில் சம்பளம் ஏற்றுவதற்குச் சங்கங்களும் முதலாளிகளும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுவார்கள், நோட்டீஸ் வரும், ஸ்டிரைக் என்பார்கள், நான்காண்டு ஒப்பந்தம் போடுவார்கள். வாடகை ஒப்பந்தத்துக்கு இந்தச் சிரமம் ஏதுமில்லை. அறைக்கு ஐநூறு, பத்து அறைக்கு மாதம் ஐயாயிரம், வருடத்துக்கு அறுபதாயிரம். லைன் வீட்டின் வரி இரண்டு மடங்கானாலும் நாலு மடங்கானாலும் அறுபதாயிரம் எட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்டவர் அடுத்த மாதம் வேறு சந்தில் அட்வான்ஸ் தேடிக்கொண்டிருப்பார். இன்னொன்றும் உண்டு: அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை. ஓனர்கள் பலர் ஏப்ரல் மாதமே வரிசையில் நிற்பது குடிமை உணர்ச்சியால் மட்டுமல்ல. வரி உயர்வு அப்படியே வழிந்து பத்தாம் நம்பர் அறை வரை வந்து சேருகிறது. ஊக்கத்தொகைக்கு மட்டும் லைன் வீட்டுக்கு வழி தெரியவில்லை.

இந்தக் கூட்டல் கணக்கு 2022இல் தொடங்கவில்லை. 2011இல் திருப்பூர் மாநகராட்சி தன் எல்லையை விரித்தது. வேலம்பாளையம், நல்லூர் என்ற இரண்டு நகராட்சிகளும், மண்ணரை உள்பட எட்டு ஊராட்சிகளும் உள்ளே வந்தன. ஊராட்சியின் வீட்டு வரி போய் மாநகராட்சியின் சொத்து வரி வந்தது. சாலை வரும், தண்ணீர் வரும், சாக்கடை வரும் என்றார்கள். கொஞ்சம் வரவும் செய்தது. ஆனால் முதலில் வந்தது செண்டுக்கு விலை. ஊராட்சி நிலமாகப் படுத்த மண், மாநகராட்சி நிலமாக எழுந்தது. காடு வைத்திருந்தவர் அதில் லைன் வீடு கட்டினார், லைன் வீடு வைத்திருந்தவர் மாடி எடுத்தார். ஓனருக்குச் சொத்து மதிப்பு, மாநகராட்சிக்கு வரி. இரண்டு பேருக்கும் லாபமான கல்யாணம். மொய் எழுதியது மட்டும் வாடகைக்காரர்.

அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? எப்படிக் கேட்பார்கள்? ஓட்டு ஊரில் இருக்கிறது. உசிலம்பட்டியிலோ ஒட்டன்சத்திரத்திலோ பீகாரில் ஏதோ ஒரு பெயர் தெரியாத ஊரிலோ. ஊராட்சிக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைய கிராம சபையிலும் லைன் வீட்டுக்குப் பாய் விரிக்கவில்லை. ஆனால் தலைவர் வீடு எது என்றாவது தெரிந்திருந்தது. இணைந்த பிறகு என்ன நடந்தது? 2011இல் தேர்ந்தெடுத்த மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேலாக மாநகராட்சிக்குக் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் மட்டும். புது மாமன்றம் வந்து உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் வரி உயர்வு வந்து சேர்ந்தது. ஓட்டில்லாதவருக்கு ஐந்து வருடம் கவுன்சிலரும் இல்லை என்பதில் ஒரு சமத்துவம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஓட்டிருந்த ஓனரும் அந்த ஐந்து வருடம் அநாதைதான். அவருக்குத் துணைக்கு வாடகை இருந்தது.

வரியையாவது மாநகராட்சி கூட்டியது. கரண்டை ஓனரே கூட்டிக்கொண்டார்.

வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். லைன் வீட்டில் ஒரு ஃபேன், ஒரு ட்யூப்லைட், ஒரு டிவி, செல்போன் சார்ஜர். ஒரு குடும்பம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டோடு நிற்கிறது என்று வைப்போம். பத்துக் குடும்பத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் மொத்த பில் பூஜ்யம். ஒரே மீட்டரில் ஓடினால் 1000 யூனிட். 2022 செப்டம்பர் கட்டணப்படி போட்டுப் பாருங்கள்: முதல் 100 இலவசம், அடுத்த 300க்கு நாலரை ரூபாய், அடுத்த நூறுக்கு ஆறு, அதற்கடுத்த நூறுக்கு எட்டு, பிறகு இருநூறுக்கு ஒன்பது, கடைசி இருநூறுக்குப் பத்து. மொத்தம் 6,550 ரூபாய். அதற்குப் பிறகும் கட்டணம் ஏறியது, அது தனிக் கதை. அதே ஆட்கள், அதே ஃபேன், அதே வெளிச்சம். பூஜ்யம் எங்கே, ஆறாயிரத்து ஐந்நூற்று ஐம்பது எங்கே? குளிர்சாதன அறையில் தூங்குகிற பங்களாக்காரருக்காக வைத்த ஸ்லாபில், வேர்த்து வடிகிற பத்துக் குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்தாகிவிட்டது.

கதை இதோடு நின்றால் ஓனரையும் பாவம் என்றே சொல்லிவிடலாம். அறைக்கு அறை சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வசூலித்தால் 1000 யூனிட்டுக்குப் பத்தாயிரம் வருகிறது. மின்வாரியத்துக்குக் கட்டியது போக 3,450 மிச்சம். மோட்டார் கரண்டுக்குத் தனியாக ஐம்பது. மின்சாரம் தயாரிக்காமல், கம்பம் நடாமல், லைன்மேனுக்குச் சம்பளம் கொடுக்காமல் லாபத்தில் ஓடுகிற மின்வாரியம் தமிழ்நாட்டில் ஒன்று உண்டென்றால் அது லைன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அரசாங்கம் வேண்டுமானால் பயிற்சிக்கு ஆள் அனுப்பலாம். தனித்தனி மீட்டர் வாங்கிக் கொடுத்த நல்ல ஓனர்களும் இருக்கிறார்கள். அவர்களிலும் சிலர் அந்த இலவச நூறுக்கும் காசு வாங்குகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நல்லவர்களே கோபித்துக்கொள்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 2022இல் அரசுக்கும் மின் இணைப்புகளை ஒன்றாக்கும் ஆசை வந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு மூன்று மீட்டர் வைத்து இலவச யூனிட்டை மடங்கு மடங்காக வாங்குகிறார்கள், அவற்றை ஒன்றாக்குவோம் என்றது. நியாயம்தான். பிறகு மின் இணைப்போடு ஆதாரை இணையுங்கள் என்றது. உடனே ஓனருக்குப் பயம் வந்தது: வாடகைக்காரர் ஆதாரை இணைத்தால் நாளைக்கு வீடு அவர் பேருக்குப் போய்விடுமோ? போகாது என்று அமைச்சரே சொல்லவேண்டி வந்தது. ஒரு வீட்டில் மூன்று மீட்டர் இருந்தால் திருட்டு என்று தெரிந்த அரசுக்கு, ஒரு மீட்டரில் பத்து வீடு இருந்தால் என்ன பெயர் வைப்பது என்று மட்டும் தெரியவில்லை.

"சட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை என்று ஒன்று இருந்தது. எத்தனை பேர் அதைக் கேட்டு நீதிமன்றம் ஏறினார்கள் என்பது வேறு, ஆனால் கேட்க இடம் இருந்தது. 2017இல் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்தது. இனி வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தாலொழிய. இந்த "ஒழிய"வை எழுதிய கைக்குத் தங்கக் காப்பு போடவேண்டும். திருடுவது குற்றம், திருடனும் பறிகொடுத்தவனும் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தாலொழிய. தண்ணீரையும் கரண்டையும் வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாலாயிரம் ரூபாய் லைன் வீட்டுக்குப் பத்திரம் எழுதி, ஆன்லைனில் ஏற்றி, ஒருநாள் பீஸ் ரேட் வேலையை விட்டுவிட்டு துணை ஆட்சியர் அந்தஸ்துள்ள அதிகாரியிடம் போய், "சாமி, தொட்டி வால்வை மூடிட்டாருங்க" என்று யார் சொல்வது? சொல்லிவிட்டு வந்து இரவு எங்கே படுப்பது?

கூட்டல் கணக்கு வெளிநாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு விடும் வீட்டுவசதிச் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைவது வழக்கம். 2016இல் அஃபினிட்டி சட்டன், சர்க்கிள் என்ற இரண்டு பெரிய சங்கங்கள் சேர்ந்து கிளாரியன் ஆனது. ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் வீடு. சேர்ந்தால் செலவு குறையும், வாடகைக்காரருக்கு நல்லது என்றார்கள். சில வருடத்தில் அதன் குடியிருப்புகளில் ஈரமும் எலியும் டிவி செய்தி ஆகின. ஆக, பெரிதானால் ஒழுகாது என்று எந்த நாட்டிலும் உத்தரவாதம் இல்லை. ஆனால் அங்கே ஒழுகினால் கேட்பதற்கென்றே ஹவுசிங் ஓம்பட்ஸ்மன் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நம் மண்ணரைக்காரருக்குக் கேட்க இருப்பது ஓனரின் சம்சாரம். "அக்கா, கக்கூஸ் அடைச்சிருக்குதுங்." "பத்து வூட்டு ஆளும் போனா அடைக்காம என்ன கண்ணு பண்ணும்?"

2024 டிசம்பரில் சொத்து வரி உயர்வையும், வாடகைக் கடைகள் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியையும் எதிர்த்துத் திருப்பூர் வியாபாரிகள் கடையடைத்தார்கள். அவர்களுக்கு ஷட்டர் இருந்தது, இழுத்து மூடினார்கள், மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. லைன் வீட்டுக்காரர் எதை மூடுவார்? கதவை மூடிக்கொண்டு உள்ளே இருந்தால் அன்றைய பீஸ் போச்சு, கம்பெனியில் சத்தம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியாளர்கள் டெல்லிக்குப் போனார்கள், நிவாரணம் கேட்டார்கள். ஓவர்டைம் நின்றது, சில இடங்களில் ஷிப்டே பாதியானது. வாடகை பாதியானதாக ஒரு சந்திலிருந்தும் தகவல் இல்லை. வாஷிங்டன் வரி ஏற்றினால் தையல்காரர் கட்டுகிறார், கோட்டை வரி ஏற்றினாலும் தையல்காரர் கட்டுகிறார். உலகப் பொருளாதாரம் முழுவதும் கடைசியில் 190 சதுர அடிக்குள் வந்து ஒண்டிக்கொள்கிறது.

இப்போது அடுத்த சுற்று. 2025 தொடக்கத்திலிருந்து தமிழ்நாடு முழுக்க மாநகராட்சிகளின் எல்லையை இன்னும் விரிக்கும் வேலை. பக்கத்து ஊராட்சிகளில் எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது: நூறுநாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று. சரியான பயம். ஆனால் அந்த ஊர்களிலும் லைன் வீடுகள் முளைத்துவிட்டன, அவற்றில் இருப்பவர்களுக்கு நூறுநாள் வேலை அட்டையும் கிடையாது, எதிர்ப்புத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் உரிமையும் கிடையாது. இணைந்தாலும் பில் அவர்களுக்கு, இணையாவிட்டாலும் ஓனர் வேறு காரணம் கண்டுபிடிப்பார்.

ஆகவே மாமன்றத்தின் அறுபது உறுப்பினர்களுக்கும் ஒரு கோரிக்கை. ஒரு கட்டடத்துக்கு வரி ஸ்லாப் போடுமுன் அதில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ணுங்கள். 1900 சதுர அடியைப் பத்தால் வகுங்கள், 25 சதவீதத்தில் நிறுத்துங்கள், நிறுத்தியதை ஒவ்வொரு அறைக் கதவிலும் நோட்டீஸாக ஒட்டுங்கள். வகுத்தல் உங்கள் நிர்வாகத்துக்கு வராது என்று சொல்லாதீர்கள். மக்கள்தொகைக் கணக்குக்கு வீட்டுப் பட்டியல் எடுக்க வருகிற ஊழியர் அதே லைன் வீட்டில் பத்துக் குடும்பத்தைத் தனித்தனியாகத்தான் எழுதிக்கொண்டு போகிறார். எண்ணிக்கை காட்ட வேண்டியபோது பத்தாக இருப்பவர்களை, பில் போட வேண்டியபோது ஒன்றாக்குவது எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். தமிழில், ஓனரின் கையெழுத்து இல்லாமல்.